யாரும் கூப்பிடாத கச்சேரி

எல்மர் ஃபட் அப்படி என்னதான் தப்பு செய்தார்?

'பேக் ஆலி ஆப்ரோர்' கார்ட்டூனை எப்போது பார்த்தாலும் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1948 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ஏழு நிமிடப் படம் அது. இயக்கியவர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங். கதை மைக்கேல் மால்டீஸும் டெட் பியர்ஸும். எல்மர் கொட்டாவி விட்டபடி படுக்கப் போகிறார். அவருடைய குற்றப்பத்திரிகையில் இருப்பது அது ஒன்றுதான். கொல்லைப்புறத்துப் பலகை வேலிமேல் சில்வெஸ்டர் பூனை ஏறுகிறது. மேடையில் அமர்ந்த வித்வானைப் போல் நிதானமாக ஏற்பாடுகளைச் செய்து, தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டு, ரொசீனியின் 'செவில் நகரத்து நாவிதன்' ஓபராவிலிருந்து ஃபிகாரோவின் பாட்டை எடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் எல்மருக்குத் தூக்கம் போகிறது, பொறுமை போகிறது, கடைசியில் உயிரே போகிறது. நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். அதுவும் பூனையின் பக்கம் நின்றுகொண்டு.

பக்ஸ் பன்னி என்ற முயலின் படங்களில் இந்தச் சங்கடம் இல்லை. அது தன் வளையில் சும்மா கிடக்கும்; எவனாவது வந்து துப்பாக்கியை நீட்டுவான்; ஆட்டம் அதற்கப்புறம்தான் தொடங்கும். சக் ஜோன்ஸ் தன் பக்ஸ் பன்னி படங்களுக்கு வைத்துக்கொண்ட விதியே அதுதான்: சண்டையை ஆரம்பிப்பது எதிராளியாக இருக்க வேண்டும். 1949-இல் ஜோன்ஸ் எடுத்த 'லாங்-ஹேர்ட் ஹேர்' படத்தைப் பாருங்கள். அதிலும் இதே ஃபிகாரோ பாட்டு, அதற்கும் கதை மைக்கேல் மால்டீஸ். ஓபரா பாடகர் ஜியோவானி ஜோன்ஸ் தன் வீட்டில் சாதகம் செய்கிறார். சற்றுத் தள்ளி பக்ஸ் பாஞ்சோவை மீட்டிப் பாடுகிறது. பாடகருக்குப் பாட்டு தடம் மாறுகிறது. கோபத்தோடு வந்து பாஞ்சோவை உடைக்கிறார். பக்ஸ் வேறு வாத்தியம் எடுக்கிறது. அதையும் உடைத்து, பக்ஸையும் அடிக்கிறார். அடித்தவர் அவர் என்பதால் பின்னால் ஹாலிவுட் பௌல் அரங்கமே அவர் தலையில் இடிந்து விழும்போது நமக்கு மனசாட்சி உறுத்துவதில்லை. யார் சத்தம் போட்டார்கள் என்பதை விட யார் முதலில் கை நீட்டினார்கள் என்பதே அங்கே கணக்கு. எல்மர் கதையில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. தூங்க நினைத்தவர் அவர், தூங்க விடாதது பூனை. நியாயம் இவ்வளவு ஒருபக்கமாக இருந்தும், ரசிகர்கள் மொத்தமாக அடுத்த பக்கம் நிற்கும் வேறொரு கார்ட்டூனை நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் இதற்கு எளிதான பதில் ஒன்று வைத்திருந்தேன். திரையில் தூக்கம் போரடிக்கும், சத்தம் சுவாரசியமாக இருக்கும், அவ்வளவுதான். படத்தின் எரிபொருள் பூனையிடம் இருக்கிறது. நாமும் எரிபொருள் இருக்கும் பக்கம் போகிறோம். இந்தப் பதிலில் பெரிய தவறு இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று மிச்சமிருப்பதாகவே தோன்றியது. அது என்னவென்று தெரிந்தது எங்கள் அப்பார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடிக்கு ஒரு கரோக்கி மைக் வந்து சேர்ந்த பிறகு.

மூன்றாவது மாடி

மேல் வீட்டு சார் பணி ஓய்வு பெற்றவர். பகலில் இருக்கிற இடம் தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பீக்கரோடு சேர்ந்த அந்த மைக்கைக் கையில் எடுத்துவிடுவார். பழைய படப் பாடல்கள்தான், அதிலும் சோகப் பாடல்கள். பல்லவியை ஒரு தடவை பாடி, திருப்தியில்லாமல் நிறுத்தி, ட்ராக்கை முதலிலிருந்து ஓடவிட்டு மறுபடி தொடங்குவார். பக்கத்து வீட்டுக் கல்யாண மேளமானால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். பாதியில் நின்று திரும்ப ஆரம்பிக்கிற பாட்டு அப்படியில்லை. அடுத்த வரி வருமா வராதா என்று காது தானாகவே காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

சட்டம் என் பக்கம் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45 டெசிபல். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு, கோபமில்லாத குரலில் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் மாடிப்படியில் எதிர்ப்பட்டார்.

"சார், ராத்திரி பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சா தம்பி?" முகம் முழுக்கச் சிரிப்பு. "நேத்து ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல பிசிறு தட்டிருச்சு. கவனிச்சீங்களா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க. மேல போறப்ப மூச்சு பத்தல. இன்னிக்கு சரி பண்ணிடறேன்."

கையில் காய்கறிப் பையோடு படியேறிப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த எரிச்சல் அவர்மேல் அல்ல. பிசிறு தட்டியதை நான் கவனித்திருந்தேன். எந்த இடம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். புகார் கொடுக்கப் போனவனை அந்த மனிதர் ஒரே கேள்வியில் ரசிகனாக்கிவிட்டார். அன்றிரவு அந்தச் சரணம் வந்தபோது மூச்சு எட்டுகிறதா என்று நானும் படுக்கையில் கிடந்தபடி கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டியது.

தாலாட்டு

அந்த வாரத்தில் எல்மர் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தபோது கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. எல்மர் செருப்பை எறிந்தாயிற்று. எறிந்த பாதரட்சையையே பூனை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறியிறங்கி இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சோடியைத் தடதடவென்று மிதித்தாயிற்று. துப்பாக்கியோடு துரத்தலும் ஆயிற்று. களேபரத்தின் நடுவே பூனை திடீரென்று குரலைத் தாழ்த்தி எல்மருக்குத் தாலாட்டுப் பாடுகிறது. எல்மரின் கண் செருகுகிறது. பூனை அவரைப் பதமாகப் படுக்கையில் கிடத்துகிறது. நாள் முழுக்க அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். பூனை மட்டும் இங்கே நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம். நிறுத்துவதில்லை. அடுத்த கணம் தாளமும் மேளமுமாக ஒரு முழு வாத்தியக் கோஷ்டியின் சத்தத்தையும் தானே எழுப்பி அவரைத் தூக்கிவாரிப் போட வைக்கிறது.

இதை வெறும் குரூரம் என்றுதான் முன்பெல்லாம் எடுத்துக்கொள்வேன். படத்தின் இதயமே இந்த இடம்தான் என்று இப்போது தோன்றுகிறது. பூனைக்கு எல்மரின் தூக்கத்தின்மேல் பகை எதுவும் இல்லை. தூங்க வைக்கவும் அதற்குத் தெரிகிறது, வைத்தும் காட்டுகிறது. ஆனால் எல்மர் தூங்கிவிட்டால் பாட்டைக் கேட்பது யார்? படம் நமக்குக் காட்டுகிற ஒரே ஜன்னல் எல்மருடையது. அந்த வேலிதான் மேடை, அந்த ஜன்னல்தான் அரங்கத்தின் மொத்த இருக்கை. செருப்பு பறந்து வந்தால் ஆள் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். கலைஞனுக்குக் கைதட்டல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் செருப்பும் ஒரு பதில்தான். எல்மரின் குறட்டையை மட்டும் அந்தப் பூனையால் தாங்க முடியாது.

பூனை என்ன பாடுகிறது என்று கவனித்தாலும் இதே கதைதான். எரிச்சலூட்டுவது மட்டும் நோக்கம் என்றால் தகர டப்பா ஒன்று போதும். இந்தப் பூனையோ ஒரு முழுக் கச்சேரிக்கான பட்டியலோடு வந்திருக்கிறது. ரொசீனி உண்டு, லிஸ்ட் உண்டு, அன்றைய மெல்லிசைப் பாட்டும் உண்டு. 'ஏஞ்சல் இன் டிஸ்கைஸ்' என்ற சாதுவான காதல் பாட்டை, வாத்தியத்துக்குப் பதில் மணியும் வெடியும் உடைசலும் வைத்து வாசிக்கும் ஸ்பைக் ஜோன்ஸ் பாணியில் கலகலக்க வைக்கிறது. பார்த்தால் மந்தமாகத் தெரியும் இன்னொரு பூனையை நிறுத்திப் பாடச் சொல்கிறது. அது வாயைத் திறந்தால் சுத்தமான பெண்குரல் உச்சஸ்தாயி. எல்மர் பாலில் படிகாரம் கலந்து வைத்துப் பூனையின் தலையையே சுருக்கிவிடும்போதுகூடப் பாட்டு நிற்பதில்லை, குரல்தான் கீச்சென்று சுருங்குகிறது. தொண்டையே போனாலும் கச்சேரியை முடிக்காமல் இறங்கமாட்டேன் என்கிற பிடிவாதம் அது. மேல் வீட்டு சாருக்கும் அந்தப் பிடிவாதம் உண்டு.

ஃப்ரெலெங் இதை இவ்வளவு சரியாக எடுத்ததற்குக் காரணம் அவர் வேலை செய்த விதம். படத்தின் நேரக்கணக்கை அவர் இசைக்கான தாளக்கட்டுத் தாளிலேயே குறித்துக்கொள்வார். எந்தத் தட்டில் பூனையின் கால் படியில் படவேண்டும், எந்தத் தட்டில் எல்மர் வழுக்கவேண்டும் என்பதெல்லாம் படம் வரைவதற்கு முன்பே தாளக் கணக்கில் வந்துவிடும். இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் மௌனப் படக் காலத்தில் கான்சாஸ் சிட்டி தியேட்டர்களில் திரையைப் பார்த்தபடி ஆர்கன் வாசித்தவர். போதாததற்கு வார்னர் நிறுவனம் 1920-களின் கடைசியில் பெரிய இசைப் பதிப்பகங்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. தொடக்க கால 'மெர்ரி மெலடீஸ்' கார்ட்டூன்கள் அந்தப் பதிப்பகங்களின் பாட்டுகளைப் பிரபலப்படுத்தவே எடுக்கப்பட்டன. ஆக, ஊர் தூங்கும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று நிறுவனத்தின் பாட்டை நிறுவனத்தின் செலவில் பாடிக்கொண்டிருந்த பூனை இது. ஒரு வகையில் விளம்பரதாரர்.

ஃபிகாரோ பாட்டுக்கு ஒரு பழைய பூனைக் கதை இருக்கிறது. 1816 பிப்ரவரியில் ரோம் நகரத்தில் ரொசீனியின் ஓபரா முதன்முதலாக மேடையேறியபோது அரங்கமே கூச்சல் போட்டது. அதே கதையை முன்பே ஓபராவாக்கியிருந்த பைசியெல்லோவின் ஆதரவாளர்கள் கலாட்டா செய்ய வந்திருந்தார்கள். போதாக்குறைக்கு எங்கிருந்தோ ஒரு பூனை மேடைக்குள் நுழைந்துவிட்டது. கூட்டம் மியாவ் மியாவ் என்று கத்தியது என்று இசைவரலாறு எழுதுகிறவர்கள் ரசித்துச் சொல்வார்கள். மால்டீஸுக்கு இந்தக் கதை தெரியுமா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 132 ஆண்டுகள் கழித்து அந்தப் பூனைக்குப் பாட ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அது போதும்.

ஒன்பது உயிர்

இந்தக் கதையை ஃப்ரெலெங் முன்பே ஒருமுறை எடுத்திருந்தார். 1941-இல் வந்த 'நோட்ஸ் டு யூ', கறுப்பு வெள்ளை. அதில் தூக்கம் கெடுபவன் போர்க்கி பன்றி, பாடுவது பெயரில்லாத ஒரு தெருப்பூனை. கடைசியில் போர்க்கி துப்பாக்கியால் சுட்டுவிடுகிறான். பூனைக்கு ஒன்பது உயிர் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் சொலவடை. ஒன்பது ஆவிகளும் வரிசையாக நின்று, டோனிசெட்டியின் 'லூசியா டி லாமர்மூர்' ஓபராவில் ஆறு பேர் சேர்ந்து பாடும் புகழ்பெற்ற பாட்டைப் பாடத் தொடங்குகின்றன. போர்க்கி மாட்டிக்கொண்டான். நல்ல முடிவுதான். ஏழு வருடம் கழித்து வண்ணத்தில் மறுபடி எடுக்கும்போது அந்த முடிவை ஃப்ரெலெங் ஒரு படி மேலே கொண்டுபோனார். எல்மர் டைனமைட்டைக் கொண்டு வருகிறார். வெடித்ததில் பூனையோடு அவரும் போய்ச் சேர்கிறார். சிறகு முளைத்து, மேகத்தில் ஏறி, அப்பாடா இனியாவது நிம்மதி என்கிறார். கீழிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எண் போட்ட ஒன்பது சில்வெஸ்டர்கள் மிதந்து வந்து அதே பாட்டை ஆரம்பிக்கின்றன. எல்மர் மேகத்திலிருந்து குதித்துவிடுகிறார்.

இரண்டு முடிவுகளில் இரண்டாவதுதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரனை ஒழித்துவிட்டு நாம் மட்டும் கட்டிலில் காலை நீட்டிப் படுப்போம் என்பது நடக்காத காரியம், சுவர் பொதுச்சுவர். பாட்டின் தேர்வு அதைவிட அருமை. 'லூசியா'வில் அந்தப் பாட்டு வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். லூசியாவுக்கு வேறொருவனோடு கல்யாண ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. யாரும் கூப்பிடாமல் காதலன் எட்கார்டோ மண்டபத்துக்குள் நுழைகிறான். வாள் உருவ வேண்டிய நேரத்தில் எல்லோரும் அப்படியே உறைந்து நின்று ஆளுக்கொரு மனநிலையைப் பாடுகிறார்கள். வேண்டாத விருந்தாளி வாசலில் நிற்கும்போது பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஓபரா உலகத்தில் கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு இதை யாரும் விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஓபரா பாடகர் கரூசோவும் மற்றவர்களும் 1908-இல் விக்டர் கம்பெனிக்காகப் பாடிய இசைத்தட்டு ஏழு டாலருக்கு விற்றது, ஒரே பக்கம் மட்டும் பதிவான தட்டு. ஏழு டாலர் பாட்டு என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு ஏழு டாலர் கொடுத்துக் கேட்ட அதே பாட்டு எல்மருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, அதற்குத்தான் அவர் குதிக்கிறார்.

பெரிய படத்துக்கு முன்னால்

இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. மேல் வீட்டு சாரின் "கேட்டுச்சா?" இல்லாமல் போயிருந்தால் அதை நான் யோசித்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

1948-இல் ஓர் அமெரிக்கத் தியேட்டருக்குப் போனவர் எதற்காக டிக்கெட் வாங்கினார்? பெரிய படத்துக்காக. அதற்கு முன்னால் நியூஸ் ரீல், ஒரு குறும்படம், ஒரு கார்ட்டூன் எல்லாம் வரும். கார்ட்டூனுக்கென்று யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை, யாரும் அதைக் கூப்பிடவும் இல்லை. நாற்காலி தேடுகிறவன், சோளப்பொரி கொறிக்கிறவன், நாயகி எப்போது வருவாள் என்று காத்திருக்கிறவன், இவர்கள் எல்லாரையும் ஏழு நிமிடத்துக்குள் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். வேலியில் நின்று ஜன்னலைப் பார்த்துப் பாடிய பூனை வேறு யார்? அதை வரைந்தவர்கள்தான்.

ஸ்டூடியோவுக்குள்ளேயும் அவர்கள் கூப்பிடாத விருந்தாளிகளே. சக் ஜோன்ஸ் சொல்லும் கதைகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. முதலாளி ஹாரி வார்னருக்குத் தன் கார்ட்டூன் பிரிவு எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம். மிக்கி மவுஸை நாம்தான் எடுக்கிறோம் என்று மட்டும் தெரியுமாம். இன்னொன்று தயாரிப்பாளர் எட்வர்ட் செல்ஸர் பற்றியது. 1944-இல் லியோன் ஷ்லெசிங்கர் கார்ட்டூன் கடையை வார்னருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு மேற்பார்வைக்கு வந்தவர். ஒரு நாள் கதைக்குழு அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்று, இந்தச் சிரிப்புக்கும் கார்ட்டூன் எடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராம். ஜோன்ஸுக்குக் கதையை மெருகேற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு, கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும் ஒரு மனிதர் நைட் கவுனோடு ஜன்னலைத் திறந்து கத்துகிற மாதிரியே எனக்குத் தெரிகிறது. நியாயமாகப் பார்த்தால் செல்ஸர் பாவம், அவரும் எல்மரைப் போல வேலையைத்தான் பார்த்தார். 1947-இல் வந்த ஃப்ரெலெங்கின் 'ட்வீட்டி பை'க்கு ஆஸ்கர் கிடைத்தபோது மேடையேறி வாங்கும் உரிமை தயாரிப்பாளருக்குத்தான் இருந்தது. அந்தப் படத்தில் நம் பூனைக்குப் பெயர் தாமஸ். சில்வெஸ்டர் என்ற பெயர் திரையில் ஒலித்தது 1948 டிசம்பரில் வந்த 'ஸ்கேர்டி கேட்' படத்தில்தான். அப்படியானால் எல்மரின் வேலியில் ஏறிப் பாடியபோது அதற்கு உறுதியான ஒரு பெயர்கூட இல்லை.

படம் வெளியாகி ஒன்றரை மாதத்துக்குள், மே 1948-இல், பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படம் வேண்டுமென்றால் அந்தப் படத்தையும் எடுத்துக்கொள் என்று கட்டுக்கட்டாகத் தலையில் கட்டும் வியாபாரத்துக்கு அதோடு முடிவு. தியேட்டர்க்காரர் இனி வேண்டியதை மட்டும் வாங்கலாம். வேண்டாதவற்றின் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தவை குறும்படங்களும் கார்ட்டூன்களும். செருப்பு எறிகிற உரிமை சட்டப்படியே எல்மர்களுக்குக் கிடைத்துவிட்டது. கார்ட்டூன் உடனே சாகவில்லை, இன்னும் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்தது. ஆனால் எண்ணெய் வற்றத் தொடங்கியது அங்கேதான்.

எங்கள் தலைமுறை இதையெல்லாம் தலைகீழாகப் பார்த்தது. 1956-இல் வார்னர் தன் பழைய சரக்கைத் தொலைக்காட்சிக்காக மொத்தமாக விற்றது. அது கை மாறிக் கை மாறி டர்னர் நிறுவனத்திடம் வந்து, 1995-இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக நம் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தது. ஆரம்ப வருடங்களில் இரவு ஒன்பது மணிக்குக் கார்ட்டூன் முடிந்து, அதே சேனலில் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்கள் தொடங்கும். ஒரு காலத்தில் எந்தப் படங்களுக்கு முன்னால் இந்தக் கார்ட்டூன்கள் கெஞ்சிக்கொண்டு நின்றனவோ, அதே வகைப் படங்கள். ஒன்பது மணி ஆனதும் எங்கள் தெருவில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் டிவி அணைந்துவிடும். பெரிய படத்துக்கு ஆளில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

சத்தம் போடும் அண்டைவீட்டார் பற்றி இன்னொரு கார்ட்டூன் உண்டு. அது சில்வெஸ்டர் படத்தைவிடக் கடுமையானது. டெக்ஸ் ஏவரி 1955-இல் வால்டர் லான்ட்ஸ் ஸ்டூடியோவுக்காக எடுத்தது. தலைப்பே 'ஷ்ஷ்ஷ்' என்ற ஓசைதான். ட்விடில் என்ற இசைக்குழுக்காரருக்குச் சத்தத்தால் நரம்புகள் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் சத்தம் கேட்டால் ஆளே வெடித்துவிடுவார் என்று மருத்துவர் எச்சரிக்கிறார். ட்விடில் ஸ்விட்சர்லாந்து மலையில் உள்ள ஒரு விடுதிக்குப் போகிறார். அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. படுத்தால் பக்கத்து அறையில் ட்ராம்போன் சத்தம், கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கூட இருக்கும் ஆணும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு ஏவரி உருவாக்கியதல்ல. 1920-வாக்கில் ஜெர்மனியில் பதிவாகி, 1922-இல் அமெரிக்காவில் ஓகே கம்பெனி வெளியிட்டு நன்றாக விற்ற சிரிப்பு இசைத்தட்டிலிருந்து எடுத்தது. ஒருவர் சோகமாக ஊதத் தொடங்க, ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் ஓர் ஆணுக்கும் தொற்றிக்கொள்ளும். தட்டில் இருப்பது அவ்வளவுதான்.

கடைசியில் ட்விடில் போய்ப் பார்த்தால் பக்கத்து அறையில் இருப்பது அதே மருத்துவரும் அவருடைய நர்ஸும். ட்விடில் வெடித்துப் போகிறார். ஏவரி தியேட்டருக்காக இயக்கிய கடைசிப் படமும் அதுதான். அதற்கப்புறம் விளம்பரப் படங்கள் பக்கம் போய்விட்டார். எம்ஜிஎம்மில் இருந்தபோதே வேலைக் களைப்பில் ஒரு வருடம் ஒதுங்கியிருந்தவர் அவர். ட்விடிலின் நரம்பு யாருடைய நரம்பு என்று அதிகம் தேட வேண்டியதில்லை.

எல்மருக்கு ஒரு கௌரவம் இருந்தது. பூனை பாடியது அவருக்காக. ட்விடிலுக்கு அதுகூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொண்டாட்டத்துக்கு அவர் யாரோ. அவர் விழித்தாலும் தூங்கினாலும் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். மேல் வீட்டு சார் பாடாத நாட்களில் எதிர் பிளாட்டில் நண்பர்கள் கூடிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். பாட்டைவிடக் குறைவான டெசிபல்தான். ஆனாலும் எனக்குத் தூக்கம் பிடிக்காதது அந்த நாட்களில்தான்.

ஃப்ரெலெங் கடைசி வரை இந்த அண்டைவீட்டு விஷயத்தை விடவில்லை என்பது இப்போது வரிசையாகப் பார்க்கும்போது தெரிகிறது. 1963-இல் வார்னர் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டதும் டேவிட் டிபேட்டியோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1964-இல் வந்த அவர்களுடைய முதல் பிங்க் பாந்தர் குறும்படம் 'தி பிங்க் ஃபிங்க்' ஆஸ்கர் வாங்கியது. குள்ளமான ஒரு பெயின்டர் ஒரு வீட்டுக்கு நீல வண்ணம் அடிக்கிறார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் பிங்க் பாந்தர் இந்தப் பக்கம் இளஞ்சிவப்பு அடித்துவிடுகிறது. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, பின்னால் ஹென்றி மான்சினியின் மெட்டு மட்டும் பூனைநடை போடுகிறது. முடிவில் வீடு முழுக்க இளஞ்சிவப்பாகி, பிங்க் பாந்தரே அதில் குடிவந்துவிடுகிறது. பெயின்டருக்குப் புகார் சொல்லவும் வழியில்லை. எல்மருக்காவது செருப்பை எந்தத் திசையில் எறிவது என்று தெரிந்திருந்தது.